ஆறு மணிக்கு மேல் மைனர்

அக்பர் பாஷா கடைக்குச் சீல் வைத்த அன்று நான் புளி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். எங்கள் தெருமுனையில் ஒரு ஜீப் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் புளி தீர்ந்துபோனது என்பது வேறு விஷயம்.

மூக்கண்டப்பள்ளியில் பாய் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. முதலில் பாட்டு கேசட் விற்றார். டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்த்தார். தொண்ணூற்றேழில், டிவியில் ஒயரைச் செருகி விளையாடுகிற வீடியோ கேம் எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. பாய் பெங்களூர் போய் அந்த கேசட்டுகளைப் பை நிறைய வாங்கிவந்து விற்க ஆரம்பித்தார். மஞ்சள் நிறத்தில், சோப்புப் பெட்டி அளவுக்கு இருக்கும். பத்தடிக்கு எட்டடிக் கடை. அதை நம்பி வீட்டில் ஆறு பேர்.

ஜீப்பிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து மாரம்மா மகன் தீர்த்தகிரி கடையை விட்டு வெளியே வந்தான். பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். ஆயில் கறை படிந்த காக்கிச் சட்டை, கையில் புதுக் கேசட். மணி ஆறரை.

"தம்பி, நில்லு. உனக்கு வயசு என்ன?" என்றார் முன்னால் வந்தவர்.

"எதுக்குங்க சார்? பொண்ணு தரப் போறீங்களா?"

தெருவே சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. அவர் பெயர் உலகநாதன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சிறார் மனப் பாதுகாப்பு வட்டாரக் குழுவின் செயலாளர். அப்படி ஒரு குழு இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு நான் விசாரித்த வரையில், குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் அதிகாரியின் மகன் டியூஷன் வாத்தியாரை ஸ்கேலால் குத்திவிட்டானாம். பையன் மேல் தப்பில்லை, வாத்தியார் மேலும் தப்பில்லை, வீடியோ கேம் மேல்தான் தப்பு என்று விசாரணையில் தெரிந்ததாம். உடனே கமிட்டி. உடனே உத்தரவு: பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு வன்முறை விளையாட்டுகளை விற்கக் கூடாது.

உலகநாதன் கேசட்டைப் பிடுங்கிப் பார்த்தார். மேலே துப்பாக்கியோடு ஒருத்தன் குதித்துக்கொண்டிருந்தான். "வன்முறை" என்றார். தீர்த்தகிரியின் மீசை வராத முகத்தைப் பார்த்தார். "மைனர்" என்றார். ஒரு நிமிஷத்தில் குற்றம் முடிந்துவிட்டது.

"சார், உத்தரவு வந்ததே எனக்குத் தெரியாதுங்க" என்றார் பாய்.

"உத்தரவு ரகசியமா வச்சிருந்தோம். தெரிஞ்சா நீங்க விக்க மாட்டீங்களே. அப்புறம் எப்படிப் பிடிக்கறது?"

சீல் வைப்பதற்குப் பொதுமக்கள் தரப்பில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். கூட்டத்தில் முன்னால் நின்ற என்னைக் காட்டி, "இந்தம்மா யாரு?" என்றார்.

"பொதுமக்கள்தாங்க" என்றேன்.

அப்படித்தான் நான் கமிட்டியில் சேர்ந்தேன்.

முதல் கூட்டம் அடுத்த வாரம். தலைவர் வெங்கடப்பன். எங்கள் வட்டாரத்துப் பெரிய மனிதர். தெலுங்கு பேசுகிறவர்களிடம் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களிடம் கன்னடம், கும்பிடு போடுகிறவர்களிடம் எதுவும் பேச மாட்டார். தகரத்தை நசுக்கி வண்டிக்குப் பாகம் செய்கிற பிரஸ் ஷாப் அவருடையதுதான். தீர்த்தகிரி வேலை பார்ப்பதும் அங்கேதான். என் மூத்த மகன் மதுரைவீரனும் அங்கேதான் இருக்கிறான். மூன்று வருஷமாக டெம்பரவரி.

விளையாட்டு எவ்வளவு வன்முறை என்று முதலில் அளக்க வேண்டும் என்றார் உலகநாதன். வாடகைக்கு ஒரு டிவி வந்தது. கேசட்டைச் செருகினார்கள். ஆனால் விளையாடத் தெரிந்தவர் கமிட்டியில் ஒருவரும் இல்லை. துப்பாக்கிக்காரன் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். கடைசியில் அந்த விளையாட்டைப் பார்க்கவே கூடாத மைனரான தீர்த்தகிரியை ஷிஃப்டிலிருந்து வரவழைத்தார்கள். அவன் மூன்று மணி நேரம் விளையாடிக் காட்டினான். விழுகிற பிணங்களை டைப்பிஸ்ட் ஜோதியம்மாள் உயிரிழப்புப் பதிவேட்டில் கோடு போட்டு எண்ணினாள். இருநூற்றுப் பதினாலில் நிறுத்தி நிமிர்ந்தாள்.

"சார், இந்தத் துப்பாக்கிக்காரன் செத்துட்டுத் திரும்பி எழுந்து வர்றானே. மூணு உயிராம் அவனுக்கு. ஒரு சாவுன்னு போடறதா, மூணுன்னு போடறதா?"

உலகநாதன் வெகுநேரம் யோசித்தார். "விளக்கம் கேட்டுத் தலைமையிடத்துக்கு எழுதுவோம்" என்றார். எழுதினார்கள்.

பிறகு வெங்கடப்பன் எழுந்தார். தீர்த்தகிரியின் வலது கையைப் பிடித்துத் தூக்கி எங்களுக்குக் காட்டினார்.

"இது பிஞ்சுக் கைம்மா! இந்தக் கையில துப்பாக்கி பட்டனா? ரத்தம்னா என்னான்னே தெரியக் கூடாத வயசு. நம்ம பிள்ளைங்க கண்ணுல ஒரு சொட்டு ரத்தம் படாம வளர்க்கணும், அந்தே, அவ்வளவுதான்!"

தூக்கிய கையில், தகரம் கிழித்த தழும்பு நாலைந்து இருந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார்.

"பாருங்க, கேம் விளையாடினா கை இப்பிடித்தான் ஆவும்" என்றார்.

எல்லோரும் கைதட்டினோம். போண்டா வந்தது.

கடைசி வரிசையிலிருந்து பாய் மெதுவாக எழுந்தார். "சார், இதே கேசட் அத்திப்பள்ளில தள்ளுவண்டில விக்கறாங்க. டவுன் பஸ் ஏறினா கால் மணி நேரம். பசங்க அங்க போயி வாங்கிட்டு வந்துடறாங்க. என் கடையை மட்டும் மூடி என்னாங்க ஆவப் போவுது?"

"அது கர்நாடகா" என்றார் உலகநாதன். "பார்டருக்கு அந்தப் பக்கம் நம்ம பிள்ளைங்க மனசு கெட்டா, அதுக்கு அந்த அரசாங்கந்தான் பொறுப்பு."

வாங்கியவனுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது என்று நிரூபித்தால் சீலை எடுக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பாய் நேராக மாரம்மா வீட்டுக்குப் போனார். நானும் போனேன். என் வீட்டுக்குப் போகிற வழியும் அதுதான், கொஞ்சம் சுற்று.

மாரம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "கம்பெனி கார்டுல பத்தொம்பதுன்னு போட்டிருக்குது பாய்" என்றாள்.

"யா அல்லா! பத்தொம்பதா? முந்தியே சொல்லக் கூடாதா?"

"நானா போட்டேன்? அவங்களா எழுதிக்கிட்டாங்கொ. பசங்களை வரிசையா நிக்க வெச்சு, டாக்டரு வாயைத் தொறக்கச் சொன்னாராம். கடவாப்பல்லு இருந்தா பத்தொம்பது. இல்லாட்டி பதினெட்டு. அதுக்குக் கம்மியா அந்தக் கம்பெனில யாருமே இல்லீங்கொ."

"எனக்குக் கடவாப்பல்லு ரெண்டு சொத்தை" என்றான் தீர்த்தகிரி. "அதையும் சேத்தா இருபத்தொண்ணு வரணும் பாய்."

பாய் அன்றைக்குத்தான் சிரித்தார். கார்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கூட்டத்தில் அந்தக் கார்டைப் பணிவாக மேஜைமேல் வைத்தார். உலகநாதன் தன் ஃபைலிலிருந்து தீர்த்தகிரியின் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இதில் பதினைந்து. அதில் பத்தொன்பது. இரண்டிலும் வட்ட முத்திரை.

"ஏதோ ஒண்ணு பொய்யா இருக்கணும்" என்று தொடங்கினார் உலகநாதன். கார்டைத் திருப்பி, கம்பெனியின் பெயரைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். தலைவர் தண்ணீர் குடித்தார்.

"பொய்ன்னு சொல்ல முடியாது" என்று உலகநாதனே திருத்திக்கொண்டார். "முத்திரை இருக்கற காகிதத்தைப் பொய்ன்னு சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ரெண்டும் உண்மைதான். எது எப்ப உண்மைங்கறதுதான் கேள்வி."

கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பொதுமக்கள் தரப்பு என்பதால் நானும் உள்ளே இருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. தீர்மானத்தை ஜோதியம்மாள் வாசித்தாள்: மேற்படி தீர்த்தகிரி என்பவர் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை, அதாவது பணிநேரத்தில், பத்தொன்பது வயது நிரம்பியவர் ஆவார். மாலை ஆறு மணிக்கு மேல் அவர் பதினைந்து வயதுச் சிறுவர் ஆவார். விற்பனை நடந்தது ஆறரை மணிக்கு என்பதால் கடையின் சீல் தொடரும்.

பாய் மேஜைமேல் கிடந்த கார்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"அப்ப பகல்ல வந்து வாங்கினான்னா தப்பில்லைங்களா சார்?"

"பகல்ல எப்படி வருவான்? ஷிஃப்ட்ல இருப்பானே."

"அப்ப எப்பத்தாங்க சார் அவனுக்கு விக்கறது?"

"நல்ல கேள்வி" என்றார் உலகநாதன். "மத்தியானம் சாப்பாட்டு நேரம் அரை மணி இருக்கு. அந்த நேரத்துல அவன் மேஜரா மைனரான்னு தனியா மனுப் போடுங்க. பரிசீலிக்கறோம்."

தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கும் போண்டாதான், ஆனால் சட்னி புதிது.

இரண்டு மாதம் ஓடியது. பாய் தினமும் காலையில் வந்து, சீல் வைத்த ஷட்டரின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். ரேடியோ ரிப்பேர் யாராவது கொண்டுவந்தால் மடியில் வைத்துப் பார்ப்பார். ஸ்க்ரூ டிரைவர் கடைக்குள் மாட்டிக்கொண்டது. அடுத்த கடையில் இரவல் வாங்குவார். அவர் சம்சாரம் காத்தூன் கல்யாண மண்டபங்களில் வெங்காயம் உரிக்கப் போனாள். "வெங்காயத்துல ஒரு வசதி இருக்குது சரோஜக்கா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "எதுக்கு அழுவறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மாலை ஏழு பத்து. ஓவர்டைம். பிரஸ் மெஷின் இறங்கியபோது தீர்த்தகிரியின் வலது கை உள்ளே இருந்தது. மூன்று விரல்கள் போய்விட்டன.

மதுரைவீரன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "வேகமா ஓட்டணும்னு மெஷின் தடுப்பைக் கழட்டி வெச்சிருந்தாங்கம்மா. நான் சொன்னேன்னு வெளிய எங்கயும் சொல்லிடாத" என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேரிடம்தான் சொன்னேன், அதுவும் யார் சொன்னது என்று சொல்லாமல்.

மாரம்மா கம்பெனிக்குப் போனாள். நஷ்டஈடு கேட்டாள். கம்பெனி ஆபீசில் எங்கள் கமிட்டித் தீர்மானத்தின் நகலை எடுத்துக் காட்டினார்களாம். ஆறு மணிக்கு மேல் உங்கள் மகன் சிறுவன். எங்கள் கம்பெனியில் சிறுவர்களுக்கு வேலை கிடையாது. ஆகவே ஏழு பத்துக்கு அவன் இங்கே இல்லை.

"அப்ப அந்த மூணு வெரலு எங்கீங்க சார் போச்சு?" என்று மாரம்மா கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் தீர்மானத்தில் இல்லை.

பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டினாள். அது தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்டது, செல்லாது என்றார் கம்பெனி வக்கீல்.

இரண்டு நாள் கழித்து உலகநாதன் பாயைத் தேடி வந்தார். கையில் டைப் அடித்த காகிதம். என் வாசலிலிருந்து பார்த்தால் பாயின் முகம் தெரியும், பேச்சு கேட்காது. அதனால் கொஞ்சம் கிட்டே போய் நின்றேன்.

"தலைவர் உங்க மேல இரக்கப்பட்டிருக்கார். இதுல கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே சீலை எடுத்துடறோம்."

பாய் எழுத்துக் கூட்டிப் படித்தார். என் கடையில் வாங்கிய வன்முறை விளையாட்டை ஓயாமல் விளையாடியதால் தீர்த்தகிரியின் கவனம் சிதறி, கையில் காயம் ஏற்பட்டது. இப்படிக்கு.

"சார், அந்தக் கேசட்டு அன்னிலேர்ந்து உங்க பீரோவுலதானே இருக்குது? அவன் அதை ஆடினது ஒரே ஒரு தடவை. அதும் உங்க கமிட்டிக்கு முன்னால."

"பீரோவுல இருந்தா என்ன? பாதிப்பு பாதிப்புதான். போடறீங்களா, இல்லையா?"

"ஒருநாள் டைம் குடுங்க."

அன்று சாயங்காலம் பாய் மாரம்மா வீட்டுக்குப் போனார். அவள் காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"போட்டுடு பாய். நீயாவது பொழைச்சிக்கோ. வெரலு இனி வரவா போவுது?"

பாய் காகிதத்தை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு, "இரு இரு மாரம்மா" என்றார். "நான் மைனருக்கு வித்தேன்னுதானே எம் மேல கேசு? ஆமாம், வித்தேன்னு ஒத்துக்கறேன். எனக்குத் தண்டனை குடுக்கணும்னா, இவனுக்குப் பதினஞ்சுன்னு அவங்க எழுதித்தானே ஆவணும்? ஆறு மணிக்கு மேல இல்ல, இருபத்தினாலு மணி நேரமும் பதினஞ்சு. முத்திரை குத்தி, தலைவர் கையெழுத்தோட. அந்தக் காகிதத்தை எடுத்துட்டு நீ கோர்ட்டுக்குப் போ. பதினஞ்சு வயசுப் பையனை மெஷின்ல நிக்க வெச்சதுக்கு அந்தாளு பதில் சொல்லட்டும்."

"உன்னை உள்ள போட்டுட்டா?"

"கடை ரெண்டு மாசமா உள்ளதான் இருக்குது. நானும் போறேன்."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்த தீர்த்தகிரி, "இப்ப மணி ஏழாவுது, நான் மைனரு. பெரியவங்க பேசறதைக் கேக்கக் கூடாது" என்று எழுந்து வெளியே போனான்.

மூன்றாவது கூட்டத்தில் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் குத்தத்தை ஒத்துக்கறேன் சார். தெரிஞ்சேதான் பதினஞ்சு வயசுப் பையனுக்கு வித்தேன். அவனுக்குப் பகல்லயும் பதினஞ்சுதான். என்ன தண்டனையோ குடுங்க."

உலகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. குற்றத்தைத் தானாக ஒப்புக்கொண்ட முதல் வியாபாரி. "எழுதும்மா" என்று ஜோதியம்மாளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "பதினைந்தே வயதான சிறுவர் தீர்த்தகிரி என்பவருக்கு..."

டைப் மெஷின் நாலு தட்டுத் தட்டியது.

"நிறுத்தும்மா!" என்றார் வெங்கடப்பன். எழுந்து வந்து காகிதத்தை மெஷினிலிருந்து அவரே உருவினார். உலகநாதன் தலைவரின் முகத்தைப் பார்த்தார். தஞ்சாவூர்க்காரர், சட்டென்று புரிந்துகொண்டார்.

"பாய் உணர்ச்சிவசப்பட்டிருக்கார்" என்றார்.

"ஆமா, பாவம்" என்றார் வெங்கடப்பன். "இந்த மனுசன் என்ன தப்புப் பண்ணாரு? பொம்மை பொம்மையைச் சுடுது. இதுல என்ன வன்முறை? கைக்கு நல்ல எக்சர்சைஸ். எம் பேரனுக்கே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"அந்த விளக்கமும் வந்துடுச்சு" என்றார் உலகநாதன், ஃபைலைத் திறக்காமலே. "செத்தவன் திரும்ப எழுந்தா அது சாவு இல்லையாம். அப்ப விளையாட்டுல வன்முறை இல்லை. பையனுக்கும் பத்தொம்பது முடிஞ்சுடுச்சு. பாய் நிரபராதி."

"இல்லீங்க சார்! நான் குத்தவாளிங்க!" பாய் மேஜையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "அல்லா மேல சத்தியமா குத்தவாளிங்க! என்னை விட்டுடாதீங்க!"

"அப்பிடியெல்லாம் உங்களைக் குற்றவாளி ஆக்கிட முடியாது" என்றார் உலகநாதன் கண்டிப்பாக. "இங்க நியாயம்னு ஒண்ணு இருக்கு."

அப்போது வாசற்படியில் நின்றிருந்த மாரம்மா உள்ளே வந்தாள். கமிட்டியை அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"சரோஜக்கா இருக்காங்கொ இல்ல? எனக்கு வலி எடுத்தப்ப வண்டி கெடைக்கல. இவனைக் கையில வாங்குனதே அவங்கதான். கம்பெனி கட்டறதுக்கு எங்க ராகிக் காட்டை அளந்து கல்லு நட்டாங்களே, அந்த வருசம். அவங்களுக்குத் தெரியாதது இந்த ஊர்ல ஒண்ணுமில்ல. கேளுங்க சார்."

உண்மைதான். எண்பத்திரண்டு, கார்த்திகை, நல்ல மழை. தொப்புள்கொடியை அறுக்க என் வீட்டிலிருந்துதான் பிளேடு எடுத்துப் போனேன். அந்தப் பிள்ளை அழுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

வெங்கடப்பன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு.

"நம்ம மதுரைவீரன் உங்க பையன்தானேம்மா? நல்ல வேலைக்காரன். வர்ற தை மாசம் அவனை பர்மனென்ட் பண்ணிடலாம்னு இருக்கேன். சரி, நீங்க சொல்லுங்க. பொதுமக்கள் சொல்றதுதானே முக்கியம். அந்த வருசம் உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

மூக்கண்டப்பள்ளியில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அறையில் இருந்த ஒருவரும் நம்பவில்லை. ஆனால் ஜோதியம்மாள் டைப் அடித்துவிட்டாள்.

அன்று மாலையே சீலை உடைத்தார்கள். பாய் ஷட்டரின் குறுக்கே நின்று தடுத்தார். இரண்டு பேர் அவரைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, கடையைத் திறந்து, நிரபராதி என்ற உத்தரவை உள் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிற நாளில், பாய் கடையைக் காத்தூனிடம் விட்டுவிட்டு வரிசையில் போய் நிற்கிறார். பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் நிற்கிறவர்கள் நடுவில், தன்னைக் குற்றவாளி என்று அறிவிக்கக் கோரி மனு. இதுவரை பதினோரு மனு. பரிசீலனையில் இருக்கிறது என்று பதினோரு ரசீது. மாரம்மாவும் தீர்த்தகிரியும் கூடவே போகிறார்கள். என் வாசலைத் தாண்டும்போது மாரம்மா திரும்புவதில்லை.

போன திங்கட்கிழமை தீர்த்தகிரி மட்டும் பின்தங்கி என் கேட்டருகே நின்றான். வலது கை பேண்ட் பாக்கெட்டில் இருந்தது.

"பெரிம்மா, கமிட்டிக்கு வேணாம். கோர்ட்டுக்கும் வேணாம். எனக்கு மட்டும் சொல்லு. நான் என்னிக்குப் பொறந்தேன்?"

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. உள்ளே மதுரைவீரன் ஷிஃப்டுக்குக் கிளம்பி, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வருஷத்தை நான் சொல்லவில்லை.